வரவுத்தாள்

பேராசிரியர் பதவிக்கான படிவத்தில்
பதினான்காம் கேள்வி:
உமது ஆய்வினால் சமூகத்தில் ஏற்பட்ட தாக்கம் யாது?
நூற்றைம்பது சொற்களுக்கு மேற்படாமல்.

தாக்கம்.
திருகோணமலையில் இருந்துகொண்டு
அந்தச் சொல்லை மெதுவாகத்தான் எழுத வேண்டும்.

இருபத்தாறு வருடம் முரண்பாட்டுத் தீர்வு படிப்பித்தேன்.
அதற்கு முன் நான்கு வருடம்
பனி கொட்டும் ஒரு நகரத்தில் அதைப் படித்தேன்.
அங்கே முரண்பாடு ஒரு வெங்காயம்:
வெளித்தோல் நிலைப்பாடு, உள்ளே நலன்,
அதற்கும் உள்ளே தேவை.
உப்புவெளி விடுதியில் பெரிய தாளில் அதை வரைந்தபோது
கிண்ணியா றகீபா கேட்டாள்,
"உரிச்சு முடிஞ்சா என்ன மிஸ் மிஞ்சும்?"
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அது வலை அறுத்த வருடம்.
யாருடைய வலையை யார் அறுத்தது என்பதற்கு
மூன்று ஊரில் மூன்று கதை.
பன்னிரண்டு அமர்வு. மூன்று நிறத்தில் பெயர் அட்டை.
சன்னல் பக்கம் வில்வராசா, எதிரே பியதிலக,
எழும்பிப் போக வசதியாய் வாசலருகில் கச்சுமுகம்மது.
நடுவில் நான்.
"சமாதானம் சொல்ல வந்தீங்களா,
செய்ய வந்தீங்களா?" என்றார் வில்வராசா.
மொழிபெயர்ப்பாளர் விக்கித்து நின்றார்.
சிங்களத்தில் அதற்கு இரண்டு சொல்லாம்.

அந்த அமர்வுகளைப் பற்றிய என் கட்டுரையை
நாற்பத்தொரு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
அதில் ஓரிடத்திலும் ஐஸ் இல்லை.

ஐஸ் கதை பிறகுதான் தெரியும்.
கிண்ணியாத் துறையில் மிதவைப் பாதைக்குக் காத்து நிற்கையில்
றகீபா சொன்னாள்:
சீனன்குடாவிலிருந்து வரும் ஐஸ் லொறியில்
அவளும், பியதிலகவின் பெண்சாதியும்,
வில்வராசாவின் தங்கச்சியும்
எட்டு வருடமாய்ப் பங்கு.
வலை அறுந்த கிழமையும் லொறி ஓடியது.
"மீன் எங்கட சண்டை முடியுமட்டும் பொறுக்குமா, மிஸ்?"
அப்படியானால் விடுதியில் ஏன்
ஆளையாள் தெரியாத மாதிரி இருந்தீர்கள்?
"நீங்க சேத்துவைக்க வந்த நேரம்
நாங்க பிரிஞ்சு இருந்தாத்தானே மரியாதை."

இதை எழுதலாம்.
இரண்டு மாநாட்டில் சொல்லியும் இருக்கிறேன்,
சபை சிரிக்கும், பிறகு தேநீர்.

ஆனால் படிவத்தோடு சான்றும் இணைக்க வேண்டும்.
பழைய கோப்பைத் திறந்து வரவுத்தாள்களை எடுத்தேன்.
ஐந்தாம் அமர்வு, பத்தொன்பதாம் இலக்கம்:
துஷிகரன், சம்பூர்.
முதல் நாள் கையொப்பம் இருக்கிறது.
அன்று பின்னேரம் அவன் வந்து நின்றான்.
"மிஸ், உங்கட வானில என்னையும் ஏத்துவீங்களா,
செக்பொயின்ற் தாண்டுமட்டும்?"
வானில் இடம் இருந்தது.
நான் நடுநிலைமையை யோசித்தேன்.
ஒரு பக்கத்தாரை ஏற்றினால் மற்ற இரு பக்கமும்
என்ன நினைக்கும் என்று யோசித்தேன்.
கடைசி பஸ் இருக்குத்தானே தம்பி, என்றேன்.

இரண்டாம் நாள் கட்டத்தில்
உதவியாளர் பென்சிலால் ஒரு கோடு இழுத்தாள்.
மதியச் சாப்பாடு ஒன்று மிஞ்சியது.

மூன்று கிழமை கழித்து அவனுடைய தமக்கை வந்தாள்.
அழவில்லை. தாளைக் காட்டச் சொன்னாள்.
கையொப்பத்தைப் பார்க்காமல்
தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவினாள்.
"அழுத்தித்தான் எழுதுவான்.
கொப்பியெல்லாம் இப்பிடித்தான்."
திருப்பித் தந்துவிட்டுப் போனாள்.
அவள் பெயரை நான் கேட்கவில்லை.

வளாகத்து நகல் இயந்திரத்துக்கு
பென்சில் கோடு தெரியவில்லை.
இனித்தான் யாரோ வந்து ஒப்பமிட வேண்டும் போலக்
கட்டம் வெள்ளையாய் வந்தது.

பதினான்காம் கேள்விக்கு
ஐஸ் லொறியைத்தான் எழுதினேன்.
எண்ணிப் பார்த்தேன்: நூற்று நாற்பத்தெட்டு.
இன்னும் இரண்டு சொல்லுக்கு
இடம் இருந்தது.